நிமோனியாவில் சிறுநீரகம்: ஆக்சிஜன் எண்ணோடு யூரின் பையையும் பாருங்கள்

கடுமையான நிமோனியாவோடு ஐசியூவில் இருப்பவரின் வீட்டார் முதலில் கேட்பது, ஆக்சிஜன் எவ்வளவு என்று. அடுத்தது எக்ஸ்ரே எப்படி இருக்கிறது என்று. கட்டிலோரம் தொங்கும் யூரின் பையில் மணிக்கு எத்தனை மில்லி இறங்குகிறது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. நுரையீரல் கெட்டால் மூச்சு வாங்கும், இருமும், நெஞ்சு குத்தும். சிறுநீரகம் கெடும்போது வலியே இருக்காது. சிறுநீர் குறையும், அவ்வளவுதான். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய தசைக் கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறி ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்து வரும்போது ஒன்றிரண்டு நாள் கடந்திருக்கும்.

இதை வீட்டாருக்கும், வார்டில் வேலை பார்க்கும் செவிலியர், இளம் மருத்துவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். மருந்தளவுகள் பெரியவர்களுக்கானவை, மருத்துவமனையில் கொடுக்க வேண்டியவை.

நெஞ்சில் இருக்கும் தொற்று இடுப்புக்கு மேலே முதுகோரம் இருக்கும் உறுப்பை ஏன் தாக்குகிறது? இதயம் தள்ளும் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குத்தான் போகிறது. நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டர் போக மீதியை நுண்குழல்கள் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. இந்த உறிஞ்சும் வேலைக்கு ஆக்சிஜன் நிறைய வேண்டும். ஆனால் சிறுநீரகத்தின் உள்பகுதி நல்ல நிலையிலேயே குறைந்த ஆக்சிஜனில்தான் ஓடுகிறது. நிமோனியா செப்சிஸாக, அதாவது தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினையே உறுப்புகளைக் கெடுக்கும் நிலையாக, முற்றும்போது பிபி இறங்குகிறது, நுண்ணிய ரத்தக்குழாய்களில் ஓட்டம் ஒழுங்கு கெடுகிறது. கிருமியின் துணுக்குகளும் அழற்சிப் பொருள்களும் வடிகட்டியைத் தாண்டி நுண்குழல்களுக்குள் இறங்கி அங்குள்ள செல்களை நேரடியாகத் தாக்குகின்றன. செல்கள் சாகாமல் இருக்க வேலையைக் குறைத்துக்கொள்கின்றன. பிபி ஒருபோதும் இறங்காதவருக்கும் சிறுநீரகம் நின்றுபோவது இதனால்தான். செப்சிஸில் பாதித்த சிறுநீரகத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் செத்த செல்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருக்கும். மூலத்தொற்று அடங்கினால் பலருக்குச் சிறுநீரகம் திரும்புவதற்கும் அதுவே காரணம்.

இப்போது அளவுகள். உலகமெங்கும் பின்பற்றும், கேடிகோ என்ற சர்வதேசச் சிறுநீரக வழிகாட்டுதல் அமைப்பின் 2012 வரையறைப்படி, 48 மணி நேரத்துக்குள் கிரியாட்டினின் 0.3 மி.கி. கூடினாலோ, 7 நாளுக்குள் பழைய அளவைவிட ஒன்றரை மடங்கு ஆனாலோ, 6 மணி நேரத்துக்குச் சிறுநீர் கிலோவுக்கு மணிக்கு அரை மில்லிக்குக் கீழே போனாலோ திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு தொடங்கிவிட்டது என்று பொருள். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது மணிக்கு 30 மி.லி., ஆறு மணி நேரத்தில் 180 மி.லி. இரண்டு மடங்கு ஏறினால் இரண்டாம் கட்டம். மூன்று மடங்கு ஏறினாலோ 4.0ஐத் தொட்டாலோ, 12 மணி நேரம் சொட்டுச் சிறுநீரும் இல்லாமல் போனாலோ மூன்றாம் கட்டம்.

இதில் அடிக்கடி தவறிப்போகும் ஓர் இடம் உண்டு. மெலிந்த பெண்ணுக்கு வழக்கமான கிரியாட்டினின் 0.6 என்று வையுங்கள். நிமோனியாவோடு வந்த அன்று 1.0. லேப் தாளில் அது நார்மல் என்றே அச்சாகியிருக்கும். உண்மையில் ஒன்றரை மடங்கைத் தாண்டிவிட்டது, பாதிப்பு தொடங்கிவிட்டது. அதனால் பழைய ரிப்போர்ட் வீட்டில் எங்கே இருந்தாலும் தேடி எடுத்து வாருங்கள். சர்க்கரைக்கோ பிபிக்கோ ஆறு மாதம் முன்பு எடுத்த தாளாக இருந்தாலும் அதன் மதிப்பு பெரியது. இன்னொன்று, கிரியாட்டினின் எப்போதும் தாமதமாகவே ஏறும். வடிகட்டல் இன்று காலை நின்றாலும், ரத்தத்தில் அது சேர்ந்து தெரிய ஒன்று முதல் இரண்டு நாள் பிடிக்கும். ட்ரிப்ஸ் நிறைய ஏற்றியிருந்தால் நீர்த்துப்போய் இன்னும் குறைவாகக் காட்டும். மணிக்கு மணி அளந்த சிறுநீர்தான் முதலில் பேசும். ஆகவே ஐசியூவில் மணிக்கு மணி அளக்க அளவுக்கோடிட்ட சிறு அறை வைத்த பை வேண்டும். சாதாரணப் பையில் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து எழுதினால் ஆறு மணி நேரச் சரிவு கண்ணில் படாது.

யூரியாவுக்கு நிமோனியாவில் தனி இடம் உண்டு. நோயின் கடுமையை மதிப்பிடும் கர்ப்-65 கணக்கில் குழப்பம், யூரியா, மூச்சு வேகம் 30 அல்லது மேல், மேல் பிபி 90க்குக் கீழ் அல்லது கீழ் பிபி 60 அல்லது அதற்குக் கீழ், வயது 65 அல்லது மேல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. யூரியாவின் எல்லை லிட்டருக்கு 7 மில்லிமோல். நம் லேப்கள் தரும் யூரியா எண்ணில் அது சுமார் 42 மி.கி. சில லேப்கள் யூரியாவுக்குப் பதில் பியூஎன் (யூரியாவில் உள்ள நைட்ரஜன் மட்டும்) என்று போடும், அதில் எல்லை 19 முதல் 20 வரை. பியூஎன்னை 2.14ஆல் பெருக்கினால் யூரியா வரும். எது அச்சாகியிருக்கிறது என்று பார்க்காமல் கணக்குப் போட்டால் வார்டில் இருக்க வேண்டியவர் வீட்டுக்கும் வீட்டுக்குப் போகலாம் என்பவர் ஐசியூவுக்கும் போக நேரிடும்.

சிறுநீர் குறைந்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது டியூப். கதீட்டர் மடங்கியிருக்கலாம், சளி போன்ற படிவு அடைத்திருக்கலாம். 30 முதல் 50 மி.லி. சலைனை மென்மையாகச் செலுத்தித் திரும்ப வருகிறதா என்று பார்க்க வேண்டும். கதீட்டர் போடாத முதியவருக்கு அடிவயிற்றில் ஸ்கேன் வைத்துப் பார்த்தால் சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் தெரியும். மூச்சிரைப்புக்குக் கொடுக்கும் இப்ராட்ரோப்பியம் நெபுலைசர், புராஸ்டேட் வீங்கிய ஆண்களுக்குச் சிறுநீரை அடைத்துவிடலாம். இதைச் சிறுநீரகச் செயலிழப்பு என்று நினைத்து ட்ரிப்ஸை ஓடவிட்ட பிறகு கண்டுபிடிப்பது பெரிய வேதனை.

அடைப்பு இல்லை என்று உறுதியானால், அடுத்த ஆறு மணி நேரம்தான் சிறுநீரகத்துக்கு மிக முக்கியம். செப்சிஸ் அதிர்ச்சியில் ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஆன்டிபயாடிக் உள்ளே போயிருக்க வேண்டும், அதற்கு முன்பே ரத்தக் கல்ச்சர் எடுத்திருக்க வேண்டும். பிபி இறங்கியிருந்தால் முதல் மூன்று மணி நேரத்தில் கிலோவுக்கு 30 மி.லி. திரவம் என்பது 2021 சர்வதேச வழிகாட்டுதலின் பரிந்துரை. 60 கிலோவுக்கு 1800 மி.லி. நார்மல் சலைனைவிட ரிங்கர் லாக்டேட் போன்ற சமநிலைத் திரவமே நல்லது. ரிங்கர் லாக்டேட்டில் பொட்டாசியம் இருக்கிறதே, கிட்னி நோயாளிக்குக் கூடாதே என்று பலர் தயங்குகிறார்கள். அதில் இருப்பது லிட்டருக்கு 4 மில்லிமோல், ரத்தத்தில் வழக்கமாக இருக்கும் அளவேதான். நார்மல் சலைனின் குளோரைடு அமிலத்தன்மையைக் கூட்டி, செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியத்தை வெளியே தள்ளும். பயப்பட வேண்டுமானால் அதற்குத்தான்.

சராசரி ரத்த அழுத்தம் 65ஐத் தொட வேண்டும். மேல் பிபியோடு கீழ் பிபியை இரண்டு மடங்காக்கிக் கூட்டி மூன்றால் வகுத்தால் சராசரி வரும். 90/50 என்றால் 63, அதாவது போதாது. திரவம் ஏற்றியும் எட்டவில்லை என்றால் பிபியை ஏற்றும் நார் அட்ரினலினைத் தாமதிக்காமல் தொடங்க வேண்டும். கழுத்து நரம்பில் லைன் போடும் வரை காத்திருக்கத் தேவையில்லை, முழங்கைப் பக்கத்தில் ஒரு நல்ல கை நரம்பில் கொஞ்ச நேரத்துக்கு ஓட்டலாம். கால்களைத் தூக்கிப் பிடித்து ஒரு நிமிடத்தில் இதய ஓட்டம் கூடுகிறதா என்று எக்கோவில் பார்ப்பது, இன்னும் திரவம் பயன்படுமா என்று சொல்லும்.

இங்கேதான் நிமோனியா மற்ற செப்சிஸ்களிலிருந்து விலகுகிறது. சிறுநீர்ப்பாதைத் தொற்றில் ஒரு லிட்டர் அதிகம் போனால் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளலாம். இங்கே நுரையீரலின் ரத்தக்குழாய்கள் ஏற்கெனவே கசிந்துகொண்டிருக்கின்றன. ஏற்றிய திரவம் காற்றறைகளில் போய் நிற்கும். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் சிறுநீர் வரவில்லை என்பதற்காக ட்ரிப்ஸை ஓட்டிக்கொண்டே இருப்பது வார்டுகளில் காணும் மிகக் கெட்ட பழக்கம். உடலில் நீர் தேங்கினால் சிரை அழுத்தம் ஏறும், உறைக்குள் இறுகிய சிறுநீரகத்திலிருந்து ரத்தம் வெளியேற முடியாமல் வடிகட்டல் மேலும் குறையும். வென்டிலேட்டரின் அழுத்தமும் இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைக் குறைத்து இதே வேலையைச் செய்கிறது. முதல் சில மணி நேரம் தாராளம், அதன்பின் கஞ்சம் என்பதே என் நிலை. முகமும் காலும் வீங்கி, எடை நான்கு கிலோ ஏறியவருக்கு இன்னொரு பாட்டில் சலைன் சிறுநீரகத்துக்கு எந்த நன்மையும் செய்யாது.

ஃபியூரோசெமைட், அதாவது லாசிக்ஸ் ஊசி, சிறுநீரகத்தைக் காப்பாற்றாது. தேங்கிய நீரை வெளியேற்ற மட்டும் உதவும். ஆனால் ஒரு சோதனையாக அது அருமையானது. நீர்ச்சத்து சரியாக இருப்பவருக்குக் கிலோவுக்கு 1 மி.கி. (முன்பே லாசிக்ஸ் எடுத்தவருக்கு 1.5 மி.கி.) கொடுத்து, இரண்டு மணி நேரத்தில் 200 மி.லி.கூட வரவில்லை என்றால் பாதிப்பு முற்றும் வாய்ப்பு அதிகம், டயாலிசிஸ் வசதியுள்ள இடத்துக்கு மாற்றும் ஏற்பாட்டை அப்போதே தொடங்கலாம். குறைந்த அளவு டோபமைன் கிட்னிக்கு நல்லது என்ற நம்பிக்கை 2000ஆம் ஆண்டிலேயே தகர்ந்தது. ஸ்டார்ச் திரவங்கள் செப்சிஸில் சிறுநீரகத்தைக் கெடுப்பவை என்று 2012இல் நிரூபணமானது. இரண்டையும் விட்டுவிடலாம்.

மருந்துகளுக்கு வருவோம். இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன்: கிட்னிக்குப் பயந்து முதல் நாள் ஆன்டிபயாடிக்கைக் குறைக்காதீர்கள். கிரியாட்டினின் 2.5 என்று பார்த்தவுடன் மெரோப்பெனத்தைப் பாதியாக்குவது பாதுகாப்பாகத் தோன்றும். ஆனால் முதல் டோஸ் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது உடலில் மருந்து பரவும் பரப்பு, சிறுநீரகம் இல்லை. ட்ரிப்ஸ் ஏறிய உடலில் அந்தப் பரப்பு பெரிதாகியிருக்கும். மருத்துவமனையில் சேர்க்கும்போது காணும் சிறுநீரகப் பாதிப்பு பலருக்கு 48 மணி நேரத்துக்குள் தணிந்தும் விடுகிறது. பென்சிலின், செஃபலோஸ்போரின், மெரோப்பெனம் வகைகளுக்கு முதல் இரண்டு நாள் முழு அளவு கொடுத்துவிட்டு, பிறகு வடிகட்டலைக் கணக்கிட்டுக் குறைப்பதே சரி. சிறுநீரகத்தைக் கெடுப்பது தொற்று. அது அடங்காமல் சிறுநீரகம் திரும்பாது.

குறைக்கும்போது காக்கிராஃப்ட் கணக்கு: 140இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72ஐயும் கிரியாட்டினினையும் பெருக்கிய எண்ணால் வகுங்கள். பெண்களுக்கு 0.85ஆல் பெருக்குங்கள். வருவது நிமிடத்துக்கு எத்தனை மி.லி. வடிகட்டல் என்ற எண். கிரியாட்டினின் ஏறிக்கொண்டிருக்கும்போது இந்தக் கணக்கு உண்மையைவிட நல்லதாகக் காட்டும், இறங்கும்போது மோசமாகக் காட்டும். செஃப்ட்ரியாக்சோன், அசித்ரோமைசின், டாக்சிசைக்ளின் மூன்றுக்கும் சிறுநீரகத்துக்காக அளவை மாற்ற வேண்டியதில்லை. லெவோஃப்ளாக்சசின் 750 மி.கி., வடிகட்டல் 20 முதல் 49 என்றால் இரண்டு நாளுக்கு ஒருமுறை. மெரோப்பெனம் 26 முதல் 50க்கு 1 கிராம் 12 மணிக்கொருமுறை. செஃபிபிம் குறைக்காமல் ஓடினால் மூன்றாம் நான்காம் நாளில் நோயாளி உளறுவார், கை உதறும், வலிப்பும் வரலாம். அதை யூரியா ஏறியதால் வந்த மயக்கம் என்று எண்ணிவிடக் கூடாது.

சிறுநீரகத்தை நேரடியாகத் தாக்கும் மருந்துகள் வேறு. வான்கோமைசினில் ரத்த அளவு பார்க்காமல் ஓட்டுவது கூடாது. அடுத்த டோஸுக்குச் சற்று முன் ரத்தத்தில் 15–20 இருக்க வேண்டும் என்ற பழைய அடிமட்ட இலக்கு 2020 வழிகாட்டுதலில் கைவிடப்பட்டது, 24 மணி நேரத்தில் உடல் மருந்துக்கு உட்படும் மொத்த அளவு (ஏயூசி) 400 முதல் 600 என்பதே இப்போதைய இலக்கு. வான்கோமைசினோடு பைப்பரசிலின்-டாசோபாக்டம் சேரும்போது கிரியாட்டினின் ஏறுவது அதிகம். வழக்கமான பென்சிலின் வகைகளுக்கு மசியாத ஸ்டாஃபிலோகாக்கஸான எம்ஆர்எஸ்ஏ கிருமி மூக்குப் பரிசோதனையிலும் கல்ச்சரிலும் இல்லை என்றால் வான்கோமைசினை இரண்டு மூன்று நாளில் நிறுத்திவிடலாம். அமிகாசின் பாதிப்பு ஐந்து முதல் ஏழு நாள் கழித்து, சிறுநீர் குறையாமலேயே வரும். மற்ற ஆன்டிபயாடிக்குகளுக்கு மசியாத கிருமிகளுக்கான கொலிஸ்டினுக்கு நம் ஐசியூக்களில் தேவை அதிகம். சிறுநீரகம் எப்படி இருந்தாலும் தொடக்க டோஸ் 90 லட்சம் யூனிட், அதன்பிறகே கணக்குப் பார்த்துக் குறைப்பது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். டைக்ளோஃபெனாக் ஊசி, ஐபுபுரோஃபென், நிமசுலைட், மருந்துக்கடையில் தரும் கூட்டு மாத்திரை எதுவும் வேண்டாம். பிபிக்கு டெல்மிசார்ட்டன் அல்லது எனலாப்ரில், அதோடு நீர் மாத்திரை, அதன்மேல் வலிநிவாரணி என்று மூன்றும் சேர்ந்தால், நிமோனியா வருவதற்குள்ளேயே சிறுநீரகம் பாதி விழுந்திருக்கும். சர்க்கரை மாத்திரைகளில் மெட்ஃபார்மினையும் டாப்பாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகையையும் மருத்துவமனையில் சேர்ந்த அன்றே நிறுத்த வேண்டும். பின்னவை சர்க்கரை 180 இருக்கும்போதே கீட்டோன் அமிலத்தை ஏற்றிவிடும்.

எல்லாமே செப்சிஸ்தான் என்று முடித்துவிடக் கூடாது. ஒரு சிறுநீர்ப் பரிசோதனை பல கதவுகளைத் திறக்கும். சோதனைப் பட்டையில் ரத்தம் மூன்று பிளஸ், நுண்ணோக்கியில் சிவப்பணுவே இல்லை என்றால் தசை சிதைந்து அதன் புரதமான மயோகுளோபின் இறங்குகிறது, ரத்தத்தில் சிகே என்ற தசை நொதியின் அளவு பாருங்கள். 5000ஐத் தாண்டினால் ஆபத்து. இதோடு சோடியமும் குறைந்து, வயிற்றுப்போக்கும் குழப்பமும் இருந்தால் லெஜியோனெல்லாவை நினைக்க வேண்டும். 1976இல் ஃபிலடெல்ஃபியா ஹோட்டலில் கூடிய முன்னாள் படைவீரர்களைத் தாக்கியதைத் தொடர்ந்து கண்டறியப்பட்ட கிருமி அது. சிறுநீர் ஆன்டிஜென் சோதனை அதன் முதல் வகையை மட்டுமே பெரும்பாலும் பிடிக்கும், நெகட்டிவ் வந்தாலும் விலக்க முடியாது. செஃப்ட்ரியாக்சோனுக்கு அது மசியாது, அசித்ரோமைசின் அல்லது லெவோஃப்ளாக்சசின் வேண்டும்.

சிறுநீர் கோலா நிறத்தில், சிவப்பணுவும் புரதமும் சேர்ந்து, பிபி ஏறி, ரத்தத்தில் சி3 என்ற நோய் எதிர்ப்புப் புரதம் குறைந்திருந்தால் வடிகட்டிகளிலேயே அழற்சி. தொண்டைப்புண்ணுக்குப் பிறகு ஒன்றிரண்டு வாரம் கழித்து வருவதைப் போலன்றி, நிமோனியாவில் இது தொற்றோடு கூடவே வரலாம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நியூமோகாக்கஸ் நிமோனியா, நெஞ்சில் சீழ், அதோடு திடீரென வெளிறிப்போய்த் தட்டணு இறங்கி, சிறுநீர் நின்றால், சிவப்பணு சிதைந்து சிறுநீரகம் கெடும் ஹீமோலிட்டிக் யூரெமிக் நோய். கிருமியின் நியூராமினிடேஸ் நொதி செல்களின் மேற்பரப்பைச் சீவி உள்ளிருக்கும் டி (T) ஆன்டிஜெனைத் திறந்துவிடுகிறது. ரத்த பிளாஸ்மாவில் அதற்கு எதிரான பொருள் எல்லாரிடமும் இருப்பதால் பிளாஸ்மா ஏற்றுவதைத் தவிர்ப்பதும், ரத்தம் ஏற்றினால் கழுவிய சிவப்பணு ஏற்றுவதும் வழக்கமான அறிவுரை. சிவப்பணுவின் மேல் எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் கூம்ப்ஸ் சோதனை பாசிட்டிவ் வந்தால் இதை முதலில் நினையுங்கள்.

தமிழ்நாட்டில் மழைக்காலத்தில் இன்னும் மூன்று பெயர்கள் சேரும். சர்க்கரை நோயுள்ள, சேற்றில் இறங்கி வேலை செய்பவருக்குத் தீவிர நிமோனியா என்றால், மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமியால் வரும் மெலியாய்டோசிஸை நினைக்க வேண்டும். லேப் அதைச் சூடோமோனாஸ் என்று தவறாகச் சொல்லிவிடுவது உண்டு. செஃப்டாசிடிம் அல்லது மெரோப்பெனம் குறைந்தது 10 முதல் 14 நாள், பிறகு கோட்ரைமாக்சசோல் மூன்று மாதம். கோட்ரைமாக்சசோல், வடிகட்டல் குறையாமலேயே கிரியாட்டினினைச் சற்று ஏற்றும். ஆனால் பொட்டாசியத்தை உண்மையாகவே ஏற்றும், முதல் வாரத்தில் இருமுறை பாருங்கள். நுண்ணிய பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலில் அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கடியில் கருகிய புண்ணைத் தேட வேண்டும். உடையை விலக்கிப் பார்க்காதவருக்கு அது அகப்படாது. 2023இல் வந்த இந்திய ஆய்வு, கடுமையான நிலையில் டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்து ஊசியாகக் கொடுப்பதே மேல் என்று காட்டியது. எலிக்காய்ச்சலில் மஞ்சள் காமாலை, சளியில் ரத்தம். அதில் சிறுநீரகம் கெட்டும் சிறுநீர் வந்துகொண்டிருக்கும், பொட்டாசியம் குறைவாக இருக்கும். அந்தக் குறைந்த பொட்டாசியமே ஒரு துப்பு.

மற்றவற்றில் பொட்டாசியம் ஏறும். 6.5ஐத் தாண்டினாலோ ஈசிஜி மாறினாலோ 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட் 10 மி.லி. மெதுவாக. ஐந்து நிமிடத்தில் ஈசிஜி சரியாகவில்லை என்றால் மறுபடியும். பிறகு ரெகுலர் இன்சுலின் 10 யூனிட், 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மி.லி.யோடு. சிறுநீரகம் கெட்டவரிடம் இன்சுலின் நீண்ட நேரம் நிற்கும் என்பதால் ஆறு மணி நேரம் மணிக்கொருமுறை சர்க்கரை பார்க்க வேண்டும். சால்புட்டமால் நெபுலைசரும் உதவும். வீட்டார் அன்போடு கொண்டுவரும் இளநீரை இந்த நாள்களில் கொடுக்க வேண்டாம். 100 மி.லி.யில் 200 முதல் 250 மி.கி. பொட்டாசியம் இருக்கிறது. ஆரஞ்சு ஜூஸும் வாழைப்பழமும் அப்படியே.

டயாலிசிஸ் எப்போது? மருந்துக்கு அடங்காத பொட்டாசியம், பிஎச் 7.15 அளவுக்கு இறங்கும் அமிலத்தன்மை, லாசிக்ஸுக்கு இறங்காத நீர்த்தேக்கம், யூரியா ஏறி வரும் மயக்கம் அல்லது இதய உறை அழற்சி. இவற்றில் ஒன்று வந்தால் தள்ளிப்போடக் கூடாது. இவை எதுவும் இல்லாமல் சீக்கிரம் தொடங்கினால் நல்லது என்ற எண்ணத்தை 2020இல் ஏறத்தாழ 3000 பேரிடம் நடந்த ஸ்டார்ட் ஆய்வு சோதித்தது. உயிர் பிழைப்பதில் வேறுபாடு இல்லை, முந்தித் தொடங்கியவர்களில் 90 நாளுக்குப் பிறகும் டயாலிசிஸில் இருந்தவர்கள் கூடுதல். நிமோனியாவில் மட்டும் நான் சற்று முன்னதாகவே சாய்வேன், காரணம் அமிலம். சிறுநீரகம் விட்ட அமிலத்தை ஈடுகட்ட வேண்டியது நுரையீரல். அதுவே படுத்திருக்கிறது, வென்டிலேட்டரில் சிறிய மூச்சாகக் கொடுக்கும்போது கார்பன் டை ஆக்சைடும் தேங்குகிறது. பிஎச் இரண்டு பக்கமும் இழுபட்டு வேகமாக இறங்கும். பிபி நிலையில்லாதவருக்கு ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் மெதுவாக ஓட்டும் ஸ்லெட் முறை நம் ஊர் மருத்துவமனைகளில் கிடைக்கிறது. 24 மணி நேரமும் இடைவிடாது ஓடும் டயாலிசிஸான சிஆர்ஆர்டிக்குச் செலவு பல மடங்கு, பிழைப்பதில் அது மேலானது என்று நிரூபணம் இல்லை. ஆகவே அது இல்லாத ஊர் என்று மனம் தளர வேண்டாம். கதீட்டருக்கு வலது கழுத்து நரம்பு முதல் தேர்வு. டயாலிசிஸ் மெரோப்பெனத்தையும் வெளியேற்றும், அன்றைய டோஸ் டயாலிசிஸ் முடிந்த பிறகே உள்ளே போக வேண்டும்.

வீட்டுக்குப் போகும் நாளில் கிரியாட்டினின் 0.9 என்று எழுதியிருந்தால் முழுதாக நம்ப வேண்டாம். மூன்று வாரம் படுத்தவருக்குத் தசை கரைந்திருக்கும், கிரியாட்டினின் தயாராவதே குறைவு. ஒரு வாரத்தில் ஒருமுறை, பிறகு மூன்றாம் மாதத்தில் கிரியாட்டினினோடு சிறுநீரில் அல்புமின்-கிரியாட்டினின் விகிதம் பாருங்கள். 30ஐத் தாண்டினால் சிறுநீரக மருத்துவரிடம் தொடர வேண்டும். நிறுத்திய டெல்மிசார்ட்டன், மெட்ஃபார்மினை யார் எப்போது திரும்பத் தொடங்கச் சொல்வது என்று டிஸ்சார்ஜ் தாளில் எழுதி வாங்குங்கள். எழுதாவிட்டால் சிலர் மறுநாளே தொடங்குவார்கள், சிலர் ஒருபோதும் தொடங்கமாட்டார்கள். டெல்மிசார்ட்டனைத் தொடங்கிய ஒன்றிரண்டு வாரத்தில் பொட்டாசியமும் கிரியாட்டினினும் ஒருமுறை. நியூமோகாக்கஸ் தடுப்பூசியும் ஆண்டுதோறும் இன்ஃப்ளுயன்சா ஊசியும் அதே மூன்றாம் மாத வருகையில் போட்டுவிடலாம்.